ராமன் சிதறலால் காந்த மீக்கடத்திகளை ஆராய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

எர்பியம் நிக்கல் போரோகார்பைடு படிகம் ஏறத்தாழ 10.5 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையை இழக்கிறது. இன்னும் குளிர்வித்தால், 6 கெல்வின் அருகே எர்பியம் அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்குக்கு (ஒன்றையொன்று ஈடுசெய்யும் எதிரெதிர் அடுக்குக்கு) வருகின்றன, மீக்கடத்துதிறனோ அழிவதில்லை. மீக்கடத்தலை உண்டாக்கும் எலக்ட்ரான் சோடிகளான கூப்பர் இணைகளைக் காந்தம் பிரித்துவிடும் என்று படித்தவர்களுக்கு இது பெரும் வியப்பு. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று கேட்க, 1928இல் ராமனும் கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறல் அருமையான வழி. படிகத்தில் சிதறும் ஒளி ஆற்றலை இழந்தோ பெற்றோ வெளிவரும்; அந்த மாற்றம் நிறமாலையில் உச்சிகளாகத் தெரியும்.

படி 1: லேசரைத் தொடுமுன் கணக்குப் போடுங்கள். மாறுநிலை வெப்பநிலையை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையை) 0.695ஆலும் பிறகு 3.53ஆலும் பெருக்கினால், கூப்பர் இணையை உடைக்கத் தேவையான ஆற்றல் நிறமாலையியலின் ஆற்றல் அலகான செ.மீ⁻¹இல் கிடைக்கும். நம் படிகத்துக்கு அது சுமார் 26. இது தொடக்க மதிப்பீடு மட்டுமே. இணைகள் உடைவதைக் காட்டும் உண்மையான உச்சி (மீக்கடத்தி உச்சி) இதைவிட மேலே இருக்கலாம். எப்படியும் லேசர் கோட்டுக்கு மிக அருகில்தான் தேட வேண்டும். ஆகவே மூன்றடுக்கு நிறமாலைமானியோ மிகக் குறுகிய வடிகட்டியோ தேவை.

படி 2: புதிதாகப் பிளந்த, பளபளப்பான பரப்பைப் பயன்படுத்துங்கள். உலோகத்துக்குள் ஒளி மிகக் குறைந்த ஆழமே செல்லும். பரப்பு கெட்டிருந்தால் தரவும் கெட்டதுதான்.

படி 3: லேசர் விழும் புள்ளியின் வெப்பநிலையை அறியுங்கள். என் பார்வையில் முழுச் சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வெப்பமானி காட்டுவது படிகத்தாங்கியின் வெப்பநிலை. ஒளி விழும் இடம் அதைவிடச் சூடாக இருக்கும். அறை வெப்பநிலையில் ஸ்டோக்ஸ் (ஆற்றல் இழந்த ஒளி), எதிர் ஸ்டோக்ஸ் (ஆற்றல் பெற்ற ஒளி) செறிவுகளின் விகிதம் உண்மையைச் சொல்லிவிடும். ஆழ்குளிரில் எதிர் ஸ்டோக்ஸ் பக்கம் மங்கிவிடுவதால், மாறுநிலையையே வெப்பமானியாக்குங்கள். தாங்கியை 6 கெல்வினில் நிறுத்தி, லேசர் திறனை மெல்ல உயர்த்துங்கள். மீக்கடத்தி உச்சி மறையும் கணத்தில் புள்ளி 10.5 கெல்வினை எட்டிவிட்டது; அந்தத் திறனுக்குச் சூடேற்றம் 4.5 கெல்வின். அளவீட்டுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த திறனையே பயன்படுத்துங்கள், காத்திருக்க நேர்ந்தாலும் சரி.

படி 4: தளவிளைவை, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசையை, மாற்றி மாற்றி அளவிடுங்கள். நாற்கோணப் படிகத்தில் உள்வரும் ஒளியின் தளவிளைவையும் சிதறும் ஒளியின் தளவிளைவையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, படிக அச்சுகளின் வழியே வைத்தால் பி2ஜி எனப்படும் சமச்சீர்மை வகை மட்டும் தெரியும். இரண்டையும் 45 பாகை திருப்பினால் பி1ஜி என்ற வகை. எடுத்துக்காட்டாக, எதிர் ஃபெர்ரோ காந்தமான லாந்தனம் தாமிர ஆக்சைடில் 3000 செ.மீ⁻¹ அருகே தோன்றும் இருமேக்னான் உச்சி (மேக்னான் என்பது காந்த ஒழுங்கில் எழும் அலை) பி1ஜியில்தான் ஓங்கி நிற்கிறது. ஒளியின் உந்தம் மிகச் சிறியது என்பதால், எதிரெதிர் உந்தமுடைய இரண்டு மேக்னான்கள் சேர்ந்து பிறக்கின்றன.

படி 5: உச்சிகளை இனம் பிரியுங்கள். முதலில் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் போஸ் காரணியால் வகுத்து, வெப்பத்தால் வரும் செறிவு மாற்றத்தை நீக்குங்கள். 10.5 கெல்வினுக்கு மேலும், வலுவான காந்தப்புலத்திலும் மறைவது மீக்கடத்தி உச்சி. காந்தப்புலத்தில் அசையாதிருப்பது பெரும்பாலும் போனான், அதாவது அணுக்களின் அதிர்வு. மேக்னான் புலத்தோடு நகரும், 6 கெல்வினை நெருங்கும்போது மென்மையாகும், அதாவது அதன் ஆற்றல் குறையும். எர்பியத்தின் படிகப்புல நிலைகள்தாம் (சுற்றியுள்ள அணுக்களின் மின்புலத்தால் பிரிந்த ஆற்றல் நிலைகள்) சிக்கலானவை: அவையும் புலத்தில் நகரும், ஆனால் காந்த ஒழுங்கு கலைந்த பிறகும் நீடிக்கும்.

இப்போது 5 முதல் 7 கெல்வின் வரை மிக நெருக்கமான இடைவெளிகளில் அளவிடுங்கள். மீக்கடத்தி உச்சியின் இடமோ செறிவோ காந்த ஒழுங்கு தொடங்கும் அதே வெப்பநிலையில் போக்கை மாற்றினால், இரண்டுக்கும் உள்ள பிணைப்பை நிறமாலையிலேயே பார்த்துவிட்டீர்கள்.