இலையின் சாறா, பூசணத்தின் சாறா: மூலிகையிலிருந்து சேர்மத்தைத் தேடும் முறை

குமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்கிறது. மூலிகைகளிலும் பூஞ்சைகளிலும் மருந்துச் செயல்திறன் உள்ள சேர்மங்களைத் தேட விரும்பும் மாணவர்கள் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இந்த ஈரத்தைத்தான். ஆய்வகத்தில் நேரும் பிழையை மறுநாளே திருத்திவிடலாம். இலை பறித்த அன்று நேர்ந்த பிழையோ கடைசி வரை கூடவே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதச் சாரலில் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு விளையின் (தோட்டத்தின்) வேலியில் பறித்த ஆடாதோடை இலைகளைப் பாலிதீன் பையிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டேன். அவற்றை உலர்த்தி எடுத்த சாறு ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை நன்றாகத் தடுத்தது. தை மாதத்தில் அதே செடியிலிருந்து பறித்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்திச் செய்தபோது அந்தத் தடுப்பு அறவே இல்லை. மீந்திருந்த பழைய இலையை லென்ஸின் கீழ் வைத்தேன். நடு நரம்பை ஒட்டிச் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பூசணம் பொடியாகப் படிந்திருந்தது. நான் ஆடாதோடையின் ஆற்றல் என்று குறித்து வைத்திருந்தது பெரும்பாலும் அந்தப் பூசணத்தின் வேலையாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே பறித்த இலையைத் துணிப்பையில் கொண்டுவந்து, அன்றே கழுவிப் பரப்பி, மழைக்காலமானால் 40 டிகிரிக்கு மேற்படாத உலர்த்தும் அடுப்பில் வைக்க வேண்டும். பூசணம் கண்ணில் பட்டால் அந்த இலையை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாது, அந்தத் தொகுதியையே விட்டுவிட வேண்டும். பூ அல்லது காயோடு கூடிய ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி, இடம், தேதி, பறித்தவர் பெயர் ஆகியவற்றோடு ஒரு தாவர மாதிரித் தொகுப்பில் சேர்ப்பதும் கட்டாயம். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் பல ஃபில்லாந்தஸ் இனங்கள் கலந்து விற்கப்படுவதால், மாதிரி இல்லாத ஆய்வை வேறு எவரும் திரும்பச் செய்து பார்க்க இயலாது.

கீரிப்பாறை, மாறாமலை போன்ற இடங்களின் காடுகளில் வனத்துறை அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது; கற்றுக்கொள்வதற்கு வீட்டு விளையில் உள்ள நிலவேம்பும் துளசியுமே போதும். இம்மலைகளின் பழங்குடிகளான காணி மக்கள் சொல்லித் தெரிந்துகொண்ட செடியானால், சொன்னவரின் சம்மதமும் பங்கும் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அகத்தியமலையின் கேரளப் பகுதியில் 1987-ல் காணிகள் களைப்புத் தீர மென்ற காயைக் கண்டு ஆரோக்கியப்பச்சை என்ற அந்த மூலிகையின் ஆய்வு தொடங்கியது. அதிலிருந்து பிறந்த மருந்தின் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என ஒத்துக்கொள்ளப்பட்டது. அந்த முன்மாதிரி நமக்குப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது.

சாறு எடுக்கும்போது ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால் என்ற வரிசையில், ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு கரைப்பான் வீதம் ஊறவைத்து, குறைந்த அழுத்தத்தில் சுழற்றி ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்குள் வற்றவைப்பது வழக்கம். கஷாயம் போலக் கொதிக்க வைத்தால்தான் சத்து இறங்கும் என்ற எண்ணம் எப்போதும் பொருந்தாது. சீனத்தின் மருந்து ஆய்வாளர் தூ யூயூ, சூட்டைக் குறைத்து ஈதர் என்ற கரைப்பானில் எடுத்த பிறகே, 1971-ல் அவருடைய 191-ஆவது சாறு மலேரியா ஒட்டுண்ணியை முழுமையாகத் தடுத்தது. அதுவே ஆர்ட்டெமிசினின் மருந்துக்கு வழி திறந்தது.

பூசணம் தொந்தரவு மட்டுமல்ல, அதுவே தேடப்பட வேண்டிய பொருளாகவும் இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டிஸ் மரம் கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய்த் தடுப்புச் சேர்மத்தைத் தருகிறது. அதன் உட்பட்டையில் வாழும் ஒரு பூஞ்சையும் அதையே உண்டாக்குவதாக 2005-ல் பதிவாயிற்று. இத்தகைய உள்வாழ் பூஞ்சைகளைப் பிரிக்க, நலமான இலையை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடமும், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு மூன்று நிமிடமும் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மும்முறை அலசி, சிறு துண்டுகளாக நறுக்கி பூஞ்சை வளர்க்கும் ஊடகமான உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வைக்க வேண்டும். கடைசியாக அலசிய நீரிலும் ஒரு சொட்டைத் தனித் தட்டில் இடுங்கள். அதில் ஏதேனும் முளைத்தால், நீங்கள் வளர்த்துக்கொண்டிருப்பது இலையின் மேல் ஒட்டியிருந்த தூசியின் பூஞ்சை. பிரித்த பூஞ்சையைத் தனியே வளர்த்து எடுத்த சாற்றையும் இலைச் சாற்றையும் ஒரே டிஎல்சி தட்டில் (சாற்றின் சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய படலத் தட்டு) பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால், எது யாருடையது என்பதற்கு முதல் தடயம் கிடைக்கும்.

பாக்டீரியா உள்ள தட்டின் குழிகளில் சாற்றை இட்டுப் பார்க்கும் செயல்திறன் சோதனையில், கரைப்பானை மட்டும் இட்ட குழியும், தெரிந்த மருந்தை இட்ட குழியும் இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை. டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பொய்யான நம்பிக்கை தருவதால் அவற்றை முன்பே நீக்குவது நல்லது. பிறகு, ஓட்டிய டிஎல்சி தட்டின் மேல் பாக்டீரியா கலந்த அகாரை மெல்லிய படலமாக ஊற்றி, ஓரிரவு வைத்து, எம்டிடி சாயத்தைத் தெளியுங்கள். உயிருள்ள பாக்டீரியா தட்டு முழுவதையும் ஊதாவாக்கிவிட, தடுப்புச் சேர்மம் நின்ற புள்ளி மட்டும் வெளிறித் தெரியும். அந்தப் புள்ளியைத் தொடர்ந்துதான் சிலிக்காப் பொடி நிரப்பிய குழாயான சிலிக்கா நிரலில் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவி, தன் தரவு நூலகத்தோடு ஒப்பிட்டுத் தரும் ஐம்பது பெயர்ப் பட்டியலைக் கண்டுபிடிப்பாக வெளியிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆவியாகும் சேர்மங்களை மட்டுமே காணும் அக்கருவி, எது செயல்பட்டது என்பதைச் சொல்லாது. மாறாக, செயல்படும் பகுதியை, கரைசலாகவே பிரித்து நிறை காணும் எல்சி-எம்எஸ்ஸில் ஓட்டி, குவர்செட்டின், அர்சாலிக் அமிலம் போன்ற பழகிய முகங்களை முதலிலேயே விலக்கிவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு மிச்சமாகும். விலக்கிய பிறகும் நிற்பதைத் தூய்மையாக்கி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் வசதியுள்ள நிறுவனத்துக்கு அனுப்பலாம். அனுப்பும் குப்பியின் சீட்டில் மாதிரி எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு சொட்டு மெத்தனாலில் கரைந்துபோகும்.