பங்குக் காய்கறித் தோட்டத்தில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

நெல்லை மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் செவக்காடு (செம்மண் நிலம்), ஒரு கிணறு. இதை நம்பி முதல் வருஷமே பாளையங்கோட்டையில் 40 வீடு சேர்த்துவிட்டோம். நாலு மாதப் பணத்தை அவர்கள் முன்னாடியே கட்டிவிடுவார்கள், வாரம் ஒரு பை காய்கறி வீடு தேடிப் போகும். ஜப்பானில் 1970-களில் ‘தெய்க்கேய்’ என்ற பெயரில் பரவி, 1986-ல் அமெரிக்காவிலும் தொடங்கின முறை. கேட்க லேசாகத்தான் இருக்கும்.

முதல் தப்பு விதைக்கும் முன்பே, பணம் வாங்கின அன்றைக்கே நடந்தது. “வாரம் 5 கிலோ” என்று சொல்லிவிட்டோம். கிலோ என்று வாயைத் திறந்தால் அது பால்காரர் கணக்காகிவிடும். ஒரு வாரம் நாலு கிலோ போனால் ஒரு கிலோ நம் பேரில் பாக்கி. கட்டுகிற பணம் விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் போகிற பணம். விளைந்தால் எல்லோருக்கும் கூட வரும், விளையாவிட்டால் எல்லோருக்கும் குறையும். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாதச் சம்பளத்தில் வளர்ந்தவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் கத்தரி பச்சையாகத்தான் நின்றது, பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தது. அப்படி ஒரு மழை வந்தால் பணம் திரும்ப உண்டா, அடுத்த பருவத்தில் ஈடு கட்டுவதா என்பதை வெயில் அடிக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். நாங்கள் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பதில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தது. வெண்டை விதைத்த 45-ம் நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று விட்டால் முற்றிவிடும். நுனியை ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் அது விதைக்குத்தான் ஆகும், முற்றின காயைச் செடியில் விட்டால் புதுப் பூவும் குறையும். எங்கள் பையில் ஒரு வாரம் ஒன்றரை கிலோ வெண்டைக்காய், மறு வாரமும் அதே. மூன்றாவது வாரம் ஒரு அக்கா போன் பண்ணினார்: “தம்பி, இன்னிக்கும் வெண்டக்காதான்னா பையக் கீழ் வீட்ல குடுத்துரு. எங்க வீட்ல எல்லாருக்கும் கணக்கு நல்லாவே வருது.”

இப்போது வெண்டை, சீனியவரை (கொத்தவரை) இரண்டையும் பாத்தி பிரித்து 20 நாள் இடைவெளியில் விதைக்கிறோம். கீரை 25 நாளில் முடிந்துவிடும் என்பதால் அதற்கு இன்னும் குறைந்த இடைவெளி. கணக்கை அடுப்படியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஒரு பையைத் திறந்தால் ஒரு அவியலுக்குக் காய் தேறுமா? தடியங்காய் (வெள்ளைப் பூசணி), புடலை, முருங்கை, வாழைக்காய், சேனை, சீனியவரை இதில் நாலு வகையாவது இருக்கிறதா? இதோடு ஒரு சாம்பாருக்கும் ஒரு கீரைக்கும் வழி இருந்துவிட்டால் எடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இது அனுபவத்தில் கண்டது.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “சொதிக்கு கேரட், பீன்ஸ் இல்லையா?” என்று பல வீட்டில் கேட்டார்கள். ஒரு வாரம் பை வேறு இளைத்திருந்தது. விடியற்காலையில் நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு மூட்டை கேரட் வாங்கி எல்லாப் பையிலும் போட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு ஆச்சி கேட்டார்: “ஏ தம்பி, உங்க செவக்காட்டுல கேரட்டு வெளையுதாக்கும்?” கடைசிச் சொல்லில்தான் அடி இருந்தது. அதன்பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் ஒவ்வொரு காயையும் புரட்டிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். வெளியில் வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் தனிப் பையில் போட்டு, வாங்கியது என்று எழுதி ஒட்டுங்கள். அதைவிட, பையை இளைப்பாகவே அனுப்பலாம்.

காலம் பார்க்காமல் வாக்குக் கொடுப்பதும் அதே கணக்கில் சேரும். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்றுக்குப் புடலைப் பந்தல் தாங்காது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை நடுகிற சீமையில் மூங்கிலை நம்பிப் பந்தல் போடுவதென்றால் மேற்கே அகத்தியோ மக்காச்சோளமோ தடுப்பாக நிற்க வேண்டும். சித்திரையில் கிணறும் கையை விரிக்கும். அந்த மாதங்களுக்குச் சந்தாவே வாங்காதீர்கள்.

பறிக்கிற நேரமும் கவனம். கீரையை வெயில் ஏறுமுன் அறுத்து ஈரச் சாக்கில் நிழலில் வைக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அறுத்த கீரை பாளையங்கோட்டை போவதற்குள் தலை தொங்கிவிடும். வெண்டைக்காயைக் கழுவிக் கொடுப்பது சுத்தம் என்று நினைத்தோம். சாயங்காலத்துக்குள் கறுத்து வழவழத்துவிட்டது.

பங்கு வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பை இறக்குகிற இடத்தில் ஒரு வெறுங்கூடை வையுங்கள். பாகற்காய் பிடிக்காதவர் அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளட்டும். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

பங்குதாரர்கள் தோட்டத்துக்கு வந்து வேலை செய்ய ஆசைப்படுவார்கள். வரட்டும், ஆனால் களை பறிக்க விடாதீர்கள். ஓய்வுபெற்ற ஒரு சார், பாவம், ஒரு காலை முழுக்கக் குனிந்து வேலை செய்து ஒரு பாத்தித் தண்டுக்கீரையை முள்ளுக்கீரை என்று பிடுங்கி அடுக்கியிருந்தார். இப்போது வருகிறவர்களைப் பறிப்புக்கும் எடை போடவும் மட்டும் விடுகிறோம்.

வீடுகளை 22 ஆகக் குறைத்துவிட்டோம். எங்கள் இரண்டு பேர் கூலியைச் செலவில் எழுதாமல் விட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதை எழுதின பிறகு சந்தா கூடியது, மூன்று வீடு விலகியது.

சிறுகிழங்கு கொடுப்பதாக இருந்தால் ஆடி, ஆவணிக்குள் கொடியைக் கிள்ளி நட்டுவிடுங்கள். புரட்டாசியில் நட்டு, பொங்கலுக்கு நெல்லிக்காய் அளவில் கொடுத்துப் பேச்சு வாங்கியிருக்கிறோம். பறித்ததை மண்ணோடு கொடுங்கள், கூடவே ஒரு பழைய சாக்கும். கிழங்கைச் சாக்கில் கட்டித் தரையில் நாலு தட்டு தட்டித் தேய்த்தால் தோல் உரிந்துவிடும் என்பது புதுக் குடித்தனக்காரர்கள் பலருக்குத் தெரியாது.