நடுச்சாமத்தில் தானாக ஓடும் பம்ப்: டைல்ஸை உடைக்கிறதுக்கு முதல் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பிரஷர் பம்ப் ஒரு நாள் நடுச்சாமத்தில் தானாக ஓடத் தொடங்கியது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒரு சத்தம், ஐந்தாறு விநாடி உறுமல், பிறகு அமைதி. வீட்டில் எல்லாரும் நித்திரை. ஒரு பைப்பும் திறந்திருக்கவில்லை. அடுத்த நாள் வந்த பிளம்பர் பாத்றூம் சுவரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார், 'இங்கதான் சேர்' என்றார், ஆறு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே தண்ணீர் லைனைச் சுற்றி எல்லாம் காய்ந்து கிடந்தது. அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. சுவரில் ஆறு சதுரம் மட்டும் வேறொரு வெள்ளையில் இருக்கிறது.

பிழை அவருடையது மட்டும் இல்லை. 'எங்கே ஒழுகுது?' என்று நான் கேட்டேன், அவர் ஒரு இடத்தைக் காட்டினார். 'எங்கெங்கே ஒழுகவில்லை?' என்று கேட்டிருந்தால், சுத்தியலை எடுக்காமலே பாதி வீட்டைக் கழித்திருக்கலாம்.

பிரஷர் குறைவதையும் தண்ணீர் குறைவதையும் ஒன்றாக நினைப்பதுதான் முதற்பிழை. மொட்டைமாடித் தாங்கி ஷவருக்கு மூன்று, நான்கு மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3, 0.4 பார் அழுத்தம்தான். பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார். அதனால்தான் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் பம்ப் வைக்கிறோம். அது லைனில் அழுத்தத்தை ஏற்றி வைக்கும், குறைந்தால் தானாக ஓடும். அந்த அழுத்தம் திரும்பி ஓடிவிடாமல் ஒரு நொன் ரிட்டர்ன் வால்வு பிடித்து வைத்திருக்கும். அதன் வாயில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும். லைனில் இருக்கும் அழுத்தம் பின்பக்கமாகத் தாங்கிக்கே கசிந்துவிடும். சுவரில் ஈரம் இருக்காது, தண்ணீர் பில் ஏறாது, ஒரு சொட்டும் வீணாகாது, ஆனால் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டக் கால் மணித்தியாலம் கூட எடுக்கவில்லை. ஆறு டைல்ஸ் போன பிறகு.

இதைக் கண்டுபிடிக்க அழுத்தத்தை முள்ளால் காட்டும் ஒரு பிரஷர் கேஜும் ஒரு வால்வும் போதும். பம்ப் ஓடி நின்றவுடன் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பம்புக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வால்வை மூடி, பம்ப் பக்கம் இருக்கும் கேஜின் முள்ளைப் பாருங்கள். வால்வு மூடியிருந்தும் முள் இறங்கினால் பிரச்சினை பம்ப் பக்கம், பெரும்பாலும் அந்த நொன் ரிட்டர்ன் வால்வு. முள் அசையாமல் நின்றால் வீட்டு லைனில்தான் ஏதோ. அப்புறம் அந்த வால்வைத் திறந்து, மேல்மாடி, கீழ்மாடி, குசினி, சுடுதண்ணி என்று கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள். எதை மூடும்போது முள் நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் கள்ளன். இரண்டு வால்வை ஒரே நேரத்தில் தொடாதீர்கள். அவசரத்தில் நானே அப்படிச் செய்து, எது எதை நிறுத்தியது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினேன்.

பம்பில் காற்றடைத்த சிறிய பிரஷர் தாங்கி இருந்தால் இன்னொரு குழப்பம். அதில் காற்று இறங்கிவிட்டால் பைப்பைத் திறக்கும்போது பம்ப் நின்று நின்று ஓடும், மூடிவிட்டால் பேசாமல் இருக்கும். யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்திலும் ஓடினால்தான் கசிவு. பம்பின் சுவிட்சைத் திருகி அழுத்தத்தைக் கூட்டி 'சரி பண்ணுகிற' ஆட்களும் உண்டு. அழுத்தம் கூடினால் கசிகிற ஓட்டையில் இன்னும் வேகமாகத்தான் கசியும்.

தண்ணீர்ச் சபையின் மீற்றரை மட்டும் நம்புவது கொழும்பு வீடுகளுக்கே உரிய பிழை. எல்லா பைப்பையும் மூடிவிட்டு, மீற்றர் முள் அசையவில்லை, ஆகவே வீட்டில் கசிவு இல்லை என்று முடிவு கட்டுவார்கள். மீற்றரிலிருந்து நிலத்தடித் தாங்கி, அங்கிருந்து மோட்டர் வழியாக மொட்டைமாடித் தாங்கி, பிறகுதான் வீட்டு லைன் என்று இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. அப்படியான வீட்டில், நிலத்தடித் தாங்கி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு மூடியிருக்கும்போது மீற்றர் சொல்வது நிலத்தடித் தாங்கி வரைக்குமான கதையை மட்டும்தான். மேல் தாங்கிக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். இரவு மோட்டரை நிறுத்தி, தாங்கியின் வெளிவால்வை மூடி, நீர்மட்டத்தை ஒரு குச்சியில் அடையாளம் செய்து, விடிய மறுபடி பாருங்கள். ஒரு மீற்றர் விட்டமுள்ள தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 8 லீற்றர். மறுநாள் இரவு வெளிவால்வைத் திறந்து வைத்து, ஆனால் யாரும் தண்ணீர் எடுக்காமல், அதையே செய்யுங்கள். அன்றைக்கு மட்டும் மட்டம் இறங்கினால் வீட்டு லைன். நிமிடத்துக்கு ஒரு 200 மில்லிலீற்றர் கோப்பை ஒழுகினாலே நாளுக்கு 288 லீற்றர், மாதத்துக்கு எட்டரை அலகுக்கு மேல் (ஒரு அலகு 1000 லீற்றர்). அலகு கூடக் கூட விலையும் ஏறுகிற பில் அது.

ஈரம் தெரிகிற இடத்தில்தான் ஓட்டை என்பதும் அநேகமாகப் பொய். தண்ணீர் சிலாப்புக்குள் சாய்வு பார்த்து ஓடி, நாலு அடி தள்ளி, சில நேரம் கீழ்வீட்டுக்காரரின் சீலிங்கில் தலைகாட்டும். தென்மேல் பருவமழை நேரத்தில் வெளிச்சுவரில் வருகிற ஈரத்துக்கும் லைனுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். கொமட்டின் சிஸ்டர்னை, அதாவது ஃப்ளஷ் தண்ணீர் நிற்கும் தொட்டியை, யாரும் சந்தேகிப்பதில்லை. கேக்குக்குப் போடுகிற கலரை அதற்குள் இரண்டு சொட்டு விட்டு, அரை மணித்தியாலம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். நிறம் கீழே வந்திருந்தால், தேடினது கிடைத்துவிட்டது.

தண்ணீர் சூடாக்கும் கீசரின் பாதுகாப்பு வால்வில் சொட்டுவதைப் பார்த்துவிட்டு அதை அடைக்கிறவர்களுக்குக் கும்பிடு போட்டுச் சொல்கிறேன், வேண்டாம். 50 லீற்றர் தண்ணீர் 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 0.8 லீற்றர் விரியும். விரிகிற தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லாவிட்டால் அது அந்த வால்வு வழியாகத்தான் சொட்டும். சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது கசிவே இல்லை. ஆறிய பிறகும் நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது. அடைத்துவிட்டால் கீசரே வெடிக்கலாம்.

லண்டனில் இருக்கும் சித்தப்பாவும் இதே கதையைத்தான் போனில் சொன்னார். அங்கே வீடு சூடாக்குகிற பொய்லர். ஆறியிருக்கும்போது கேஜ் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும், அவருடையது கிழமைக்கு ஒரு தரம் இறங்கியது. இறங்க இறங்க அவர் தண்ணீர் நிரப்பினார். புதுத் தண்ணீரோடு போகிற ஒட்சிசன் ரேடியேட்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் பலகைத் தரையைக் கிளப்பிப் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. சூடாகி விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தாங்கியில் காற்று இறங்கியிருந்தது. சூடேறும்போது அழுத்தம் 3 பாரைத் தொட்டு, பாதுகாப்பு வால்வு திறந்து, தண்ணீர் வெளிச்சுவர்க் குழாயால் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் வாயில் ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கட்டியிருந்தால் ஓரிரு நாளில் தெரிந்திருக்கும்.

எல்லாம் கழித்துப் பார்த்து, உண்மையிலேயே சுவருக்குள்தான் என்று வந்தால் உடையுங்கள். ஆனால் திருத்திய கையோடு சீமெந்து பூச விடாதீர்கள். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் லைன் முதலில் கொஞ்சம் விரிவதால் முள் சிறிது இறங்கும், அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மறுபடி ஏற்றி, அப்புறம் ஒரு மணித்தியாலம் காத்திருந்து பாருங்கள். பிளம்பர் அவசரப்படுவார். ஒரு பிளேன்ரீ கொடுத்து உட்கார வையுங்கள்.