சிங்கில் ஊற்றுவது எங்கே போகிறது? வளாக ஆய்வுகூடப் பாதுகாப்பைக் கையில் எடுக்கிறவர்களுக்கு

பாதுகாப்புக் கோவை என் மேசைக்கு வந்தபோது அதற்குள் மூன்று தாள்கள் இருந்தன. தீயணைப்புக் கருவிப் பற்றுச்சீட்டு ஒன்று, கையெழுத்தில்லாத சுற்றறிக்கை ஒன்று, எப்போதோ இளைப்பாறிய ஒருவருடைய லீவுக் கடிதம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். எந்தப் பீடம், எந்தத் துறை என்பது வேண்டாம், ஆட்கள் கோபிப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் நல்லவைதான். ஆனால் அவை கழிவுநீரைக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கிற ஊர்களுக்கு எழுதியவை. எங்கள் கட்டடங்களுக்கு அப்படி ஒரு பொதுக் குழாய் இல்லை. குடாநாட்டில் வற்றாத ஆறும் இல்லை. கீழே சுண்ணக்கல், கல்லின் வெடிப்புகளுக்குள் தண்ணீர், அதுதான் கிணற்றில் வருவது. ஆகவே என் வரிசை அந்த வழிகாட்டிகளின் வரிசை அல்ல. கையுறை, கண்ணாடி, மேலங்கி பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாமல் ஆய்வுகூடத்துக்குள் யாரும் வந்திருக்கமாட்டீர்கள்.

படி 1: தண்ணீரின் பின்னால் போங்கள்

ஒரு தாளில் வளாகத்தைக் கீறி ஒவ்வொரு சிங்க், மேன்ஹோல், மலக்குழி, கழிவுநீர் ஊறும் குழி, கிணறு, குழாய்க்கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள். பழைய கட்டட வரைபடம் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் நம்பாதீர்கள். பிறகு வந்து திருத்திய ஒவ்வொரு மேசனும் ஏதோ ஒரு குழாயைத் திருப்பியிருப்பார்.

எந்தச் சிங்க் எந்தக் குழிக்குப் போகிறது என்று அறிய நிறம் கரைத்து ஊற்றிப் பார்ப்பதுதான் வழி. நான் மாட்டுப்பட்டது இந்த இடத்தில்தான். களஞ்சியத்தில் பொற்றாசியம் பரமங்கனேற்று நிறையக் கிடந்தது. கிணறு இறைத்துக் கொண்டீஸ் (இதே பரமங்கனேற்றுத்தான்) போடுகிற ஊர்தானே என்று அதையே ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றினேன். நான்கு மேன்ஹோல்களின் மூடிகளையும் திறந்து வைத்து அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். ஒன்றிலும் ஊதா வரவில்லை. குழாய் அடைத்துவிட்டது என்று முடிவுகட்டி மேசனைக் கூப்பிட்டு நிலத்தையும் உடைப்பித்தாயிற்று. குழாய் சுத்தமாக இருந்தது.

"தம்பி, தண்ணி வருகுது. உங்கட கலர்தான் வரேல்லை" என்றார் அவர்.

பரமங்கனேற்று வலிய ஒட்சியேற்றி. குழாயில் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் ஒட்சியேற்றிவிட்டுத் தன் நிறத்தை இழந்து கபிலமாகிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் நியமிப்புப் பரிசோதனையில் செய்து காட்டுகிறவன் நான். உடைத்த சீமெந்துக்கான காசு எந்தக் கணக்கில் போனது என்று கேட்காதீர்கள்.

கேக்குக்கு அடிக்கிற சிவப்புக் கலரிங் போதும். சிங்குக்கு ஒரு சின்னப் போத்தல், பிறகு இரண்டு வாளி தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு சிங்க் மட்டும், இல்லாவிட்டால் எது எதனுடையது என்று குழம்பும். பக்கத்துக் கிணற்றைப் பாவிப்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

எங்களுடைய மூன்று சிங்குகள் போகவேண்டிய இடத்துக்கே போயின. நான்காவதன் சிவப்பு எந்த மேன்ஹோலிலும் தெரியாமல், ஜாம் மரத்துக்குப் பின்னால் பற்றைக்குள் கிடந்த குழியில் வந்தது. அப்படி ஒரு குழி இருப்பது யாருக்கும் தெரியாது. அங்கிருந்து சிற்றுண்டிச்சாலைக் கிணற்றுக்கு என் நடையில் இருபத்தெட்டு அடி. கரைப்பான் பட்ட கண்ணாடிகளைக் கழுவுகிற சிங்க் அதுதான்.

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். கதை உண்மையோ பொய்யோ, நிலம் அப்படிப்பட்டதுதான். மணலில் தண்ணீர் மெதுவாக வடிந்து சுத்தமாகும். சுண்ணக்கல் வெடிப்பில் வடிகட்டாமலே ஓடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது இந்த நிலத்தில்தான். நான்காவது சிங்கை அன்றைக்கே பலகை அடித்து மூடினோம்.

கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது பக்ரீரியாவோடு நைத்திரேற்றையும் கேளுங்கள். குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டில் தோட்டத்துப் பசளையாலும் மலக்குழிகளாலும் அது தாண்டுவது புதினமில்லை. "கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்று யாராவது சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

படி 2: பட்டியல்

சீஆர் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. எக்செல் பிறகு. களஞ்சியத்துக்குள் மடிக்கணினியோடு போய்ப் பாதியில் வெளியே வந்தவன் சொல்கிறேன். ஒரு கையில் போத்தல், மறு கையில் பென்சில், அவ்வளவுதான் அந்த இடுக்கில் முடியும். பெயர், அளவு, வந்த ஆண்டு, போத்தலின் நிலை. லேபல் இல்லாததை மணந்து பார்த்து ஊகிக்க வேண்டாம், "தெரியாதது" என்றே எழுதித் தனியாக வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பிக்கிரிக் அமிலப் போத்தல் காய்ந்துபோய்க் கிடந்தால் தொடாதீர்கள், மூடியைத் திருகவே வேண்டாம். ஈரத்தில் வைக்கவேண்டிய பொருள் அது, காய்ந்தால் வெடிபொருள். அறையைப் பூட்டிவிட்டு மேலிடத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை இறக்கி வையுங்கள். 16 பிரிவுகள் இருக்கும். எல்லாவற்றையும் வாசிக்க ஆயுள் காணாது. களஞ்சியத்துக்கு 7ம் 10ம், கழிவுக்கு 13, விபத்துக்கு 4ம் 6ம்.

படி 3: தட்டுகள்

எங்கள் களஞ்சியம் ஆங்கில அகரவரிசையில் இருந்தது. பார்க்க அழகு, தேட வசதி. ஆனால் அந்த வரிசையில் நைத்திரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் நைத்திரோபென்சீன் நிற்கும். இரண்டும் கலந்தால் வெடிக்கக்கூடிய கலவை.

சரியென்று வகைப்படி பிரித்தேன். அமிலங்கள் ஒரு தட்டு, காரங்கள் ஒரு தட்டு, கரைப்பான்கள் ஒரு அலுமாரி. படம் எடுத்து நண்பர்களுக்கும் அனுப்பினேன். பேராதனையிலிருக்கிற ஒருத்தி திருப்பிக் கேட்ட கேள்வி: "அசற்றிக் அமிலத்தை ஏன் நைத்திரிக்கோட வைச்சிருக்கிறாய்?"

பெயரில் அமிலம் என்று இருந்தால் போதாது. செறிந்த அசற்றிக் அமிலம் தீப்பற்றும் சேதனப் பொருள், அதன் தீப்பற்று நிலை 39 பாகை செல்சியசுக்குக் கிட்ட. நைத்திரிக் அமிலம் ஒட்சியேற்றி. எரிகிறதையும் எரிக்கிறதையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன். இப்போது எங்கள் ஒழுங்கு இது: அசற்றிக், போமிக் போன்றவை தீப்பற்றும் பொருட்களோடு, ஆனால் தனித் தட்டத்தில். நைத்திரிக் அமிலம் தனியாக, எதனோடும் சேராமல். ஐதரோகுளோரிக்கும் சல்பூரிக்கும் கீழ்த்தட்டில். பேரொட்சைட்டு, பரமங்கனேற்று, நைத்திரேற்று உப்புகள் வேறு அலுமாரியில், கிளிசரோலும் அற்ககோலும் எட்டாத தூரத்தில். சயனைட்டு இருந்தால் அமிலம் இருக்கிற அறையிலேயே வேண்டாம். நீர்மங்கள் எதுவும் கண் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது, ஒவ்வொரு வகையும் பிளாஸ்ரிக் தட்டத்துக்குள். அந்தத் தட்டங்களைச் சந்தையில் மலிவாக வாங்கினோம், மீன் போடுகிறவை.

ஈதரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது 34.6 பாகையில் கொதிக்கும். சித்திரை வெயிலில், ஜன்னல் சாத்திய, தகரக் கூரைக் களஞ்சியத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். "அப்ப பிரிட்ஜுக்குள்ள வைப்பம்" என்று தோன்றும். வீட்டுப் பிரிட்ஜின் உள்ளே வெப்பநிலை ஆளி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, அந்தப் பொறி ஈதர் ஆவிக்குப் போதும். பொறி வராத ஆய்வுகூடப் பிரிட்ஜ் இல்லாவிட்டால் ஈதரைச் சேமிக்காதீர்கள், வேண்டும்போது வேண்டிய அளவு எடுப்பியுங்கள். திறந்து பலகாலம் கிடந்த ஈதரில் பேரொட்சைட்டு உருவாகும், அதுவும் வெடிக்கும். போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள்.

எழுதுவதற்கு மார்க்கர் வேண்டவே வேண்டாம். எதனோல் ஒரு துளி பட்டால் எழுத்து ஓடிவிடும். தாளில் பென்சிலால் எழுதி மேலே அகலமான செலோரேப். இதில் நான் பிடிவாதக்காரன்.

படி 4: கழிவுப் போத்தல்கள்

சிங்க் மூடியாயிற்று, இனி எங்கே ஊற்றுவது? நான்கு போத்தல் வையுங்கள்: குளோரோபோம் போன்ற அலசன் (குளோரீன், புரோமீன் வகை மூலகம்) உள்ளவை, அலசன் இல்லாத கரைப்பான்கள், பார உலோகங்கள், அமிலக் கழிவு. முதல் இரண்டையும் ஏன் பிரிக்கவேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். குளோரோபோமும் அசற்றோனும் காரம் கொஞ்சம் பட்டால் போதும், சூடேறிப் போத்தலே வெடிக்கலாம். நைத்திரிக் அமிலக் கழிவில் எதனோல் ஊற்றினாலும் அதே கதை. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல் ஒருபோதும் கூடாது, தாகத்தில் ஒருவர் எடுத்துக் குடிப்பார்.

நீர்மாசு அளக்கிற பரிசோதனைகூடங்கள் கவனிக்க: இரசாயன ஒட்சிசன் கேள்வி (நீரிலுள்ள அழுக்கை ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பது) அளந்த சோதனைக் குழாய்களில் இரசமும் குரோமியமும் இருக்கின்றன. நீரின் சுத்தத்தை அளந்துவிட்டு அதைக் கிணற்றுப் பக்கம் ஊற்றிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

நிரம்பிய போத்தல்களை இங்கே அழிக்க வழியில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர் மூலம்தான் அனுப்பவேண்டும். சின்ன அளவுக்கு வரமாட்டார்கள், மற்றத் துறைகளையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

படி 5: மிச்சம்

தூள் வகைத் தீயணைப்புக் கருவியில் முள் பச்சையில் நின்றால் சரி. காபனீரொட்சைட்டுக் கருவியில் முள்ளே இராது. "முள் உடைஞ்சு போச்சு" என்று நான் முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அதைத் தராசில் நிறுக்கவேண்டும். அடைத்த எடை உருளையில் பொறித்திருக்கும், உள்ளிருக்கும் வாயுவில் பத்திலொரு பங்கு குறைந்தால் திரும்ப நிரப்பக் கொடுங்கள்.

கண் கழுவும் குழாய் பத்து விநாடியில் எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும், 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வரவேண்டும். அம்புலன்சுக்கு 1990.

பின்சேர்க்கை, மாரி தொடங்கியபின்

இதை வாசித்த ஒரு தங்கச்சி எழுதியிருந்தார்: "அண்ணை, மத்தியானம் எங்கட கண் கழுவுற குழாயைத் திறந்து பாத்தனீங்களோ?" பார்க்கவில்லை. போய்த் திறந்தேன், கையை இழுத்துக்கொண்டேன். கறுப்புத் தாங்கி கூரையில், குழாய் வெயில் சுவரோடு. கண்ணுக்கு ஏற்ற நீர் 16 முதல் 38 பாகைக்குள் இருக்கவேண்டும், எங்களுடையது 44. குழாயை உள்ளே திருப்பி, தாங்கிக்கு மேலே கிடுகுக் கூரை போட்டோம். இப்போது 35ஐத் தாண்டுவதில்லை. கிழமைக்கொருதரம் திறந்துவிட்டால் கறளும் போகும்.

இன்னொன்று நானாகவே மாட்டியது. மழை விட்டதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பூச்சாடி, ரயர் எல்லாம் துப்புரவாக வைத்திருந்தோம். அவர் நேரே போய் எங்கள் சிவப்புத் தீயணைப்பு வாளியை எட்டிப் பார்த்தார். உள்ளே நெளிந்துகொண்டிருந்தன. நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் 2007இலிருந்தே இருக்கிறது, வாளிக்கு விலக்கு இல்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு மணல் போட்டோம். வாளியை மாற்றுகிறவர்கள் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். உவர்த் தண்ணீர்தானே என்று கைவிட்ட கிணறுகளையும் பார்க்காமல் விடவேண்டாம், கரையோரத்து உவர்க் கிணறுகளிலும் அதன் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள்.

சிலர் கேட்டிருந்தீர்கள், நான்காவது சிங்க் என்ன ஆனது என்று. குழாயை வெட்டி, கீழே இருபது லீற்றர் கான் ஒன்று வைத்திருக்கிறோம். அது நிரம்புகிற வேகத்தைப் பார்த்த பிறகு கழுவுகிறவர்கள் அசற்றோனை அளந்துதான் ஊற்றுகிறார்கள்.