இணையாக ஓடாத ஐஓ: ஃபங்ஷனல் நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் நெருங்கிவிட்டால் பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட்தான் பெரும் கவலை. மதுரைக்கு என்ன விலை என்று 5 முன்பதிவுத் தளங்களைக் கேட்கும் நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் பதில் தர 2 விநாடி எடுத்தால், வரிசையாகக் கேட்க 10 விநாடி ஆகும். ஐந்தையும் ஒரே நேரத்தில், அதாவது இணையாகக் கேட்டால் இரண்டு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகலாம்.

ஹாஸ்கெல், ஸ்காலா போன்ற ஃபங்ஷனல் நிரல் மொழிகளுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு, இணையாக ஓட்டுவதை மொழியே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பக்கவிளைவில்லாத, அதாவது வெளியே எதையும் மாற்றாத கணக்குகளை எந்த வரிசையிலும் செய்யலாம், உண்மைதான். ஆனால் ஐஓவில், அதாவது நெட்வொர்க், கோப்பு என்று வெளியுலகத்தோடு பேசும் வேலைகளில், வரிசைக்குப் பொருள் உண்டு. ஹாஸ்கெலில் படிகளை அடுத்தடுத்து எழுதும் ‘டூ’ தொகுதிக்குள் ஐந்து கோரிக்கைகளை எழுதினால் அவை எழுதிய வரிசையிலேயே ஓடும். பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலையைச் செய்யும் ‘டிராவர்ஸ்’ போட்டாலும் அதே 10 விநாடிதான். இணையாக ஓட வேண்டும் என்று சொன்னால்தான் ஓடும். ‘ஏசிங்க்’ நூலகத்தின் ‘மேப்கன்கரண்ட்லி’ அதற்காகவே இருக்கிறது.

ஸ்காலாவில் குழப்பம் இன்னும் நுட்பமானது. அங்கே ஃபியூச்சர் (பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் மதிப்பு) உருவான கணமே ஓடத் தொடங்கிவிடும். அதனால் விடைகளைச் சேர்க்கும் ‘ஃபார்’ தொகுதிக்கு முன்பே ஐந்தையும் உருவாக்கி மாறிகளில் வைப்பது பலருக்கும் பழகிய வழி. அதே பழக்கத்தோடு ஸ்காலாவின் ‘கேட்ஸ் எஃபெக்ட்’ நூலகம் தரும் ஐஓவுக்கு வந்தால் பலன் இல்லை. ஐஓ மதிப்பு செய்யவேண்டிய வேலையின் விவரிப்பு மட்டுமே. அதை மாறியில் வைப்பதால் எதுவும் தொடங்காது. இணையாக ஓட்டும் ‘பார்டிராவர்ஸ்’ எழுத வேண்டும். விடைகள் சரியாகவே வருவதால் சோதனைகளில் இந்தத் தவறு பிடிபடாது. ஓடும் நேரத்தையும் அளந்து பாருங்கள்.

ஹாஸ்கெலில் புதிய இழையை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் வேலையைத் தொடங்கும் ‘ஃபோர்க்ஐஓ’வை நேரடியாகக் கையாளுவது அடுத்த தவறு. அது தொடங்கிய இழை பிழையில் விழுந்தால் செய்தி திரையில் வரும், தாய் இழைக்குத் தெரியாது. முதன்மை இழை முடிந்தால் மற்ற இழைகளும் பாதியில் நின்றுவிடும். மேப்கன்கரண்ட்லியில் ஒன்று தோற்றால் மீதியை ரத்து செய்துவிட்டுப் பிழையை நம்மிடம் சேர்க்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பு ஐந்து தளங்களுக்குத் தேவையில்லை. ஐயாயிரம் முகவரிகள் என்றால் தேவை: ஹாஸ்கெல் இழைகளுக்குச் செலவு குறைவு, ஆனால் பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் இயல்பு வரம்பு 1024. நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். கேட்ஸ் எஃபெக்டின் ‘பார்டிராவர்ஸ்என்’ போல அந்த எண்ணிக்கையைக் கேட்கும் வடிவத்தை எடுங்கள்.

டிக்கெட்டையும் நிரலே எடுக்கட்டும் என்று ஆசைப்படும்போதுதான் எனக்குப் பதற்றம் வருகிறது. இரண்டு வேலைகளைப் போட்டிக்கு ஓடவிடும் ‘ரேஸ்’ கொண்டு இரு தளங்களில் முன்பதிவைத் தொடங்கி, முந்துவதை ஏற்கச் சிலர் எழுதுகிறார்கள். பிந்தியதை ரேஸ் ரத்து செய்யும், ஆனால் ரத்தாவது நம் கணினியில் இருக்கும் இழை மட்டுமே. கோரிக்கை ஏற்கெனவே சர்வரை அடைந்திருந்தால், அங்கே இன்னொரு இருக்கையும் பதிவாகிப் பணமும் போயிருக்கலாம். விலை கேட்பதை இணையாக விடுங்கள். எல்லா விலையும் வந்தபின், முன்பதிவுக் கோரிக்கையை ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.