இரவு வேலை முடிந்து, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் பக்கம் நடப்பவர்களுக்கு

பாரிஸ் வந்த முதல் மாதமே என் போன் பறிபோனது. கார் து நோர் நிலையத்தில் ரயில் கதவோரமாக நின்று அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். கதவு மூடும் மணி அடித்தது, ஒரு கை வந்தது, போனோடு அவன் வெளியே குதித்துவிட்டான், கதவு மூடிக்கொண்டது. அன்றிலிருந்து கதவோரம் நின்று போனை எடுப்பதே இல்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

உணவகத்தில் வேலை முடித்து நள்ளிரவில் திரும்பும் தம்பி தங்கைகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். எந்த வாசலால் வெளியேறுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதையெல்லாம் நிலையத்துக்குள்ளேயே பார்த்துவிட்டு, போனைச் சட்டையின் உள்பையில் போட்டுவிட்டுப் படியேறுங்கள். மேலே வந்து நின்று, வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஊருக்குப் புதியவர் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். வழி தவறினாலும் நடுத்தெருவில் நிற்க வேண்டாம், அதே வேகத்தில் நடந்து திறந்திருக்கும் கடை ஒன்றுக்குள் போய் வரைபடத்தைப் பாருங்கள். தலை நிமிர்ந்திருக்கட்டும், ஒரு காதாவது ஹெட்போன் இல்லாமல் இருக்கட்டும். எதிரே வருபவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துவிடுங்கள். முறைத்தால் வம்பு, குனிந்துகொண்டே போனால் பயம் தெரியும்.

பார்பெஸ் நிலைய வாசலில் சிகரெட் விற்பவர்கள் கூட்டமாக நிற்பார்கள். "நொன், மெர்சி" (வேண்டாம், நன்றி) என்று ஒரே தடவை, கால் நிற்காமல் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுப் பக்கம் போனால் மணிக்கட்டில் நூல் கட்ட வருவார்கள். கோயிலில் காப்புக் கட்டிப் பழகிய நமக்குக் கை தானாக நீண்டுவிடும்! கட்டிவிட்டால் காசு வாங்காமல் விடமாட்டார்கள், அதனால் அந்த இடத்தில் கைகள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அக்காமாருக்கு ஒன்று. பிள்ளையார் கோயில் தேருக்கு நகை போட ஆசை இருக்கும், போடுங்கள். ஆனால் மெட்ரோ ஏறுமுன் தாலியும் சங்கிலியும் சட்டைக்குள் போய், மேலே ஒரு ஸ்கார்ஃப் வர வேண்டும்.

இதெல்லாம் உங்கள் மீது கண் விழாமல் இருக்கத்தான், சண்டை பிடிக்க அல்ல. ஒருவன் கத்தியைக் காட்டிவிட்டால் நிமிர்ந்த நடை உதவாது. போனோ காசோ கொடுத்துவிடுங்கள், துரத்தவும் வேண்டாம். பிறகு 17 (பொலிஸ்) அல்லது 112 (அவசர உதவி) அழையுங்கள். ரயிலிலோ மெட்ரோவிலோ யாராவது தொந்தரவு தந்தால் 3117. வாய் திறந்து பேச முடியாத நிலையென்றால் 31177க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இந்த எண்களை இப்போதே போனில் போட்டு வையுங்கள், ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலும் வையுங்கள், பறிபோவது போனாகவும் இருக்கலாம் அல்லவா.

இன்னொன்று, நம்மவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது: இரவு 10 மணிக்குப் பிறகு பஸ்ஸில் போனால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே உங்கள் வீட்டுக்குக் கிட்டவாக இறக்கிவிடும்படி சாரதியிடம் கேட்கலாம். முன்கூட்டியே அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பாதுகாப்பான இடமென்றால் நிறுத்துவார். முன் கதவால் இறங்க வேண்டும்.