குதிக்கும் வீரர்களின் முட்டிவலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலிபால், பேஸ்கட்பால் வீரர்களின் முட்டிவலியைப் புதிய பிசியோக்களும் கோச்சுகளும் கையாளுவதைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள். வார்ம்-அப் இல்லாமல் ஆடுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

முட்டியை மட்டும் பார்ப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். முட்டிச் சில்லின் கீழ்முனையில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கும். உடனே அங்கே டேப், ஐஸ், அப்புறம் தொடைப் பயிற்சி. முட்டிச் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாண்தான் அங்கே வலிக்கிறது. அதில் அவ்வளவு சுமை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர் இல்லை.

தரையிறங்கும் வேகத்தைக் கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் பங்குபோட்டு வாங்க வேண்டும். முன்பாதம் முதலில் பட்டு, கெண்டைக்கால் தசை பிடித்து நிறுத்த, குதிகால் நிதானமாக இறங்க வேண்டும். முட்டி முன்னே போகும்படி கணுக்கால் போதுமான அளவு மடங்காவிட்டால் இறக்கம் விறைப்பாகிவிடும். உடம்பும் நிமிர்ந்தே இருந்தால் பிட்டத் தசைக்கு வேலையே வராது. மிச்சச் சுமை முழுக்கத் தொடைத் தசை வழியாக அந்தத் தசைநாணுக்குப் போகும். 2011இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று இளம் பேஸ்கட்பால் வீரர்களை ஓராண்டு கவனித்தது. கணுக்கால் மடக்கம் 36.5 டிகிரிக்குக் கீழே இருந்தவர்களுக்கே இந்தத் தசைநாண் பாதிப்பு அதிகம் வந்தது.

வாலிபாலில் ஸ்பைக் அடிக்கும் ஒரு பெண், மாதக்கணக்கில் முட்டிக்குச் சிகிச்சை எடுத்தபின் வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னேன். "முட்டிதானே சார் வலிக்குது?" என்றார். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னேன். வலது கால் பெருவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தும் முட்டி தொட்டது. வலிக்கிற இடது காலில் அதில் பாதித் தூரத்திலேயே குதிகால் எழும்பிவிட்டது. அந்தக் கணுக்காலில் பழைய சுளுக்கு. நடக்க முடிந்ததும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு சீசனே போய்விட்டது.

பக்கவாட்டில் நின்று பாருங்கள், இடுப்பு மடங்குகிறதா என்று. இறங்கும் சத்தத்தைக் கேளுங்கள். எம்பும் முன் பிரேக் போடும் கடைசி அடியையும் விடாதீர்கள். அங்கேயும் சுமை பலமாக ஏறும். சரி, இடுப்பும் கணுக்காலும் தேறினால் போதும் என்று தசைநாணுக்கான கனமான, மெதுவான ஸ்குவாட்டை நிறுத்திவிடவும் கூடாது.

முழு ஓய்வு

வலி அடங்கும், தசைநாண் பலமிழக்கும். குதிப்பதைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

ஸ்கேனை மட்டும் நம்புவது

வலியே இல்லாத வீரர்களின் ஸ்கேனிலும் தசைநாணில் மாற்றம் தெரியும்.

பயிற்சி முடிந்ததும் வலியைக் கேட்டு முடிவெடுப்பது

மறுநாள் காலை ஒற்றைக்காலில் ஸ்குவாட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால், கொடுத்த சுமை அதிகம்.